பத்து நிமிடம் மிச்சம்

ஜூன் 3

அன்புள்ள கடுகுக்கு,

நீ வங்கிப் பரீட்சை வகுப்புக்கு வெளியூர் கிளம்பும் முன், அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், உன் அப்பா, உன் அம்மா, உன் அண்ணன் பெரியவன், நீ, அப்புறம் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டாலும் சொல்வேன். குழாய்க்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், கையில் ஸ்பானரோடு.

இதை எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு யாரும் நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூடாது. இந்த வீட்டில் மறதி ரொம்ப வசதியான நேரத்தில்தான் வரும்.

உன் அப்பா அச்சகத்திலிருந்து கதவளவு காகிதம் வெட்டிக்கொண்டு வந்தான். நீ ஸ்கேல் வைத்து இருபத்து நாலு வாரத்துக்கும் கட்டம் போட்டாய். கணக்குக்கு நீலம், பத்தி படித்துப் பதில் சொல்வதற்குப் பச்சை, புதிருக்குப் பழுப்பு. விண்ணப்பம் போடக் கடைசி நாள் செப்டம்பர் இருபது என்று சிவப்பில் ஒரு கட்டம். பிறகு ஆளுக்கு ஒரு வாக்குக் கேட்டாய். பரீட்சை முடியும்வரை உன்னை எதற்காகவும் வீட்டுக்குக் கூப்பிடமாட்டேன் என்றான் உன் அப்பா. போனில் அழமாட்டேன் என்றாள் உன் அம்மா. பெரியவன் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "நான் போன வருஷம் எழுதிக் கோட்டை விட்டாச்சு. இந்த வருஷம் கடுகு எழுதட்டும், நான் அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்." எல்லோரும் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து உன் அப்பாவுடையது. நல்ல காரியத்தில் நானும் இருக்கட்டும் என்று குழாய்க்காரரும் போட்டு, பக்கத்தில் பிளம்பர் என்று எழுதினார்.

என் பங்கு, உன் கடிதம் வந்ததும் அந்த வாரத்துக் கட்டத்தில் டிக் போடுவது. போனில் நீ பேசினால் எனக்குக் கொசு பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. எனக்குக் கடிதம்தான் சரி. உன் தப்பு நோட்டில் இருப்பதை அப்படியே எழுது. என்ன கேள்வி, என்ன தப்பு, ஏன் தப்பு, மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

முட்டி வலி அப்படியே இருக்கிறது. விடுதியில் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? சளி பிடித்தால் மறைக்காமல் எழுது.

உன் பாட்டி

ஜூன் 14

அன்புள்ள பாட்டிக்கு,

தண்ணீர் ஒத்துக்கொண்டது, மெத்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் பள்ளம். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் காலையில் பள்ளத்தில்தான் இருக்கிறேன். உன் முட்டிக்கு அம்மா கடையிலிருந்து மருந்து கொண்டுவந்தாளா? அவள் கொடுத்தாள் என்பதற்காகத் தேய்க்காமல் இருக்காதே.

வகுப்பில் அறுபது பேர். போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். ஞாயிறு பத்து நிமிடம் தருவார்கள், அதில் அப்பாவோடு பேசிவிடுகிறேன். கணக்கு சார் ஒருநாள், உங்களில் எத்தனை பேர் எழுதி வைத்துப் படிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் மட்டும் என் அட்டவணையைக் காட்டினேன். அடியில் கையெழுத்துகளின் நகலைப் பார்த்துவிட்டு, இது யார் பிளம்பர் என்றார். வகுப்பே சிரித்தது.

தப்பு நோட்டு இதோ. நாற்பது கேள்வியில் முப்பத்தாறு செய்தேன். கடைசி நாலைத் தொடவே நேரமில்லை. செய்ததில் ஒரு தப்பு. ஏன் தப்பு: ஒரே கணக்கை மூன்று தடவை சரிபார்த்ததில் நேரம் போய்விட்டது. ஏன் மூன்று தடவை: தெரியவில்லை பாட்டி, ஒரு தடவையில் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இரண்டு வாரத்துக்கும் டிக் போடலாம்.

உன் கடுகு

ஜூலை 2

அன்புள்ள கடுகுக்கு,

டிக் போட்டாயிற்று. நாலாவது வாரத்துக்கும் நேற்று உன் கடிதம் வந்தது, மறுபடி கடைசி மூன்று கேள்வி மிச்சம் என்று. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? சாப்பாட்டிலும் நீ அப்படித்தான். எல்லோரும் கை கழுவி, தட்டுக் கழுவி, விளக்குமாறு எடுத்த பிறகும் நீ ஒரு ஓரத்தில் மென்றுகொண்டிருப்பாய். ஆனால் தட்டில் ஒரு பருக்கை இருக்காது. பெரியவன் வாயில் சோற்றோடு எழுந்து ஓடுவான், தட்டில் பாதி கிடக்கும். ஆறாம் வகுப்பில் முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு வந்து, நான்தான் பாட்டி ஃபர்ஸ்ட் என்றான். தாளைக் கொடுப்பதில் ஃபர்ஸ்ட்.

மருந்து தேய்க்கிறேன். அவள் கொடுத்தாள் என்பதற்காக அல்ல, வலிக்கிறது என்பதற்காக. கல்யாணமாகி வந்த இரண்டாம் நாள், நான் மடித்து வைத்த துணியை எல்லாம் கலைத்து மறுபடி மடித்தவள் அவள். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. துணி கசங்கியிருந்ததாம்.

கடிதங்களை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், என்ன செய்வது, நாற்பத்தொரு படி இறங்க என் முட்டி விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மெத்தைப் பள்ளத்தில் பழைய போர்வையை மடித்து வை.

உன் பாட்டி

ஜூலை 30

அன்புள்ள பாட்டிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். நீ மருந்தை விடாமல் தேய்.

அண்ணன் இங்கே வந்திருப்பதை அப்பா சொல்லியிருப்பார். அவன் வேலை பார்க்கிற செருப்புக் கடைக்கு இங்கேயும் கிளை இருக்கிறதே, அதற்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஓர் அறை எடுத்துக்கொண்டோம். விடுதி இனி இல்லை, மெத்தைப் பள்ளமும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரில் ஜெராக்ஸ் கடை தெரியும்.

தப்பு நோட்டு: நாற்பது கேள்வியும் முடித்தாயிற்று. பத்து நிமிடம் மிச்சம். ஒன்பது தப்பு. தப்புக்கு மார்க் கழிப்பதால் மொத்தம் குறைந்துவிட்டது. ஏன் தப்பு: கேள்வியை முழுக்கப் படிக்காமல் பதிலைப் போட்டது.

டிக் போட்டுவிடு.

உன் கடுகு

ஆகஸ்ட் 8

அன்புள்ள கடுகுக்கு,

டிக் போட்டேன். கை கொஞ்சம் யோசித்துத்தான் போட்டது.

பெரியவன் மாற்றலாகிப் போனதை உன் அப்பா எனக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னான். கடைக்காரர்கள் வேகமாகத்தான் மாற்றியிருக்கிறார்கள். போகும்போது அவன் போன வருஷத்துப் புத்தகங்களையும் எடுத்துப் போயிருக்கிறான், அலமாரியில் அந்த இடம் தூசியில்லாமல் இருக்கிறது. செருப்பு விற்க அந்தப் புத்தகம் எதற்கு என்று கேட்டேன். "எல்லாம் கடுகுக்குத்தாம்மா" என்றான் உன் அப்பா, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

உன் கடிதக் காகிதம் மாறியிருக்கிறது. ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் லேசாகக் கறுப்புப் படிந்திருக்கிறது. நான் அச்சகத்துக்காரனைப் பெற்றவள், காகிதம் எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் மெஷினில் கெட்டுப்போன தாள் அது. எதிர்க் கடையில் சும்மா கொடுக்கிறார்களா?

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்தாய்? அதை மட்டும் எழுது.

சாப்பிடுகிறாயா? யார் சமைப்பது?

உன் பாட்டி

செப்டம்பர் 1

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம், அண்ணனும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? சமையல் நான்தான், சாதாரணமாக ஏதோ செய்கிறேன்.

தப்பு நோட்டு: நாற்பதும் முடித்தது. பத்து நிமிடம் மிச்சம். எட்டுத் தப்பு. ஏன் தப்பு: கேள்வியின் கடைசி வரியைப் படிக்கவில்லை. மிச்ச நேரத்தில் என்ன செய்தது என்று கேட்டிருந்தாய். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

பதிமூன்றாம் வாரம் முடிந்தது.

உன் கடுகு

செப்டம்பர் 8

அன்புள்ள கடுகுக்கு,

பதிமூன்றாம் வாரத்துக்கு நான் டிக் போடவில்லை. இது உன் வாரம் இல்லை.

நீ பரீட்சையில் ஒருநாளும் பத்து நிமிடம் மிச்சம் வைத்தவள் இல்லை. கேள்வியைப் படிக்காமல் பதில் போட்டவளும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் என் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினீர்கள், பன்னிரண்டு வருஷம். எந்தத் தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு மேலாக நீ எழுதி அனுப்புவது பெரியவனின் தப்புகள். 'பார்த்துக்கொண்டிருந்ததாம்' என்று எழுதியிருக்கிறாய். தன்னைப் பற்றி யாராவது அப்படி எழுதுவார்களா?

உன் இடத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான், உன் அட்டவணையை வைத்துப் படிக்கிறான். நீ அவனுக்குச் சமைத்துவிட்டு எதிர்க் கடையில் ஜெராக்ஸ் போடுகிறாய். சரியா? தப்பென்றால் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

யார் இதைச் செய்தார்கள் என்று நான் இப்போது கேட்கவில்லை. அதற்கு நேரம் இருக்கிறது. செப்டம்பர் இருபதுக்குத்தான் நேரம் இல்லை. நீ போட்ட சிவப்புக் கட்டம் என் கண் முன்னால் தொங்குகிறது. வகுப்பு போனால் போகட்டும். எட்டு வாரம் நீ உட்கார்ந்து படித்திருக்கிறாய், மிச்சத்தை உன் நோட்டிலிருந்துதான் அவனே படிக்கிறான். விண்ணப்பத்தை உன் பெயரில் போடு. இரண்டு பேரும் எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது? வீட்டில் யாராவது கத்தினால் பாட்டி சொன்னாள் என்று சொல். என்னிடம் வந்து கத்தட்டும், எனக்குத்தான் காது கேட்காதே.

போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

உன் பாட்டி

செப்டம்பர் 24

கடுகுக்கு,

பதினாறு நாள் ஆயிற்று. இருபதாம் தேதி போய்விட்டது. ஒரு வரி கேட்டேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்கமாட்டாய் என்பதால் நானே சொல்கிறேன்.

பாட்டி

அக்டோபர் 3

அன்புள்ள பாட்டிக்கு,

உன் இரண்டு கடிதமும் முந்தாநாள் ஒன்றாக வந்தன. செப்டம்பர் எட்டாம் தேதி நீ எழுதியது, இருபத்து நாலாம் தேதி நீ எழுதியது, இரண்டும் ஒரே நாளில். உறைகளை இதனோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். தபால் முத்திரையைப் பார். இரண்டிலும் செப்டம்பர் இருபத்தொன்பது. முதல் உறையின் வாயையும் பார். நீ எப்போதும் மாவுப் பசை காய்ச்சித்தான் ஒட்டுவாய். இது வெள்ளைப் பசை. நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

நீ எழுதியது எல்லாம் சரி. ஜூலையில் ஒரு ஞாயிறு அப்பா போனில் பேசினார். அண்ணனுக்கு இருபத்தாறு ஆகிறது, வயது வரம்பு நெருங்குகிறது, உனக்கு அவனைவிட மூன்று வருஷம் கூடுதலாக இருக்கிறது, இந்த ஒரு வருஷம் விட்டுக்கொடு என்றார். வகுப்பில் வீட்டு ஆளுக்குப் பெயர் மாற்றித் தருவார்களாம், முன்பே கேட்டு வைத்திருந்தார். பாட்டியிடம் சொல்லாதே, அவள் காலத்துக்கும் மறக்கமாட்டாள் என்றார். நானும் சரி என்றேன். பத்து நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் பாட்டி. யோசிக்க எனக்கு அதைவிட நேரம் வேண்டும், உனக்குத் தெரியும்.

அண்ணனைத் திட்டாதே. முதல் நாள் என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து அவன் சாப்பிடவில்லை.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பொய்த் தப்பு எழுதவும் கை வரவில்லை. அதனால் அவன் தப்பை அவன் தப்பாகவே எழுதினேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும். கண்டுபிடித்து, போடு என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிடுவது என்று விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருந்தேன். போட்டோகூட எடுத்துவிட்டேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது மூன்று நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்றேன். உனக்கும் இது சம்மதம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னை அப்படி நினைத்ததற்கு மன்னித்துவிடு. முட்டிக்கு மருந்து தேய்.

உன் கடுகு

டிசம்பர் 1

அன்புள்ள கடுகுக்கு,

இரண்டு மாதம் உனக்கு எழுதவில்லை. கோபம் உன்மேல் கொஞ்சம், மிச்சம் எல்லாம் இங்கே. அது ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

உறைகள் வந்த அன்று, அவற்றை எடுத்துக்கொண்டு நேராக உன் அம்மாவிடம்தான் போனேன். கடிதத்தை வாங்கிப் போகிறவள் அவள்தானே. இருபத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்ல என்னிடம் வார்த்தை தயாராக இருந்தது. அவள் மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எப்பவும் அவர்கிட்டதான் குடுப்பேன் அத்தை. அச்சகத்து வாசல்லயே தபால் பெட்டி இருக்கில்ல" என்றாள். "அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில ரெண்டும் இருந்துச்சு. ஒண்ணு பிரிச்சு ஒட்டியிருந்துச்சு. நான் படிக்கல. தேதியை மட்டும் பார்த்தேன். ஓடிப் போய்ப் போட்டுட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்கமாட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அவள்தான் எடுத்து ஒளித்துவிட்டு என் மகன்மேல் பழி போடுகிறாள் என்று சத்தியம் செய்திருப்பேன்.

ஜூலையில் நடந்ததும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள், அது ஒரு கணக்கு. ஓடிப் போய்ப் போட்டாள், அது ஒரு கணக்கு. இரண்டையும் கழித்துப் பார்த்தால் துணி மடித்த விஷயம் மட்டும் மிச்சம் நிற்கிறது. அது நிற்கட்டும். அது இல்லாமல் எனக்கும் அவளுக்கும் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அன்று மாலை உன் அப்பா வந்தான். நான் கத்தவில்லை. உறைகளை மேஜையில் அவன் டீக்குப் பக்கத்தில் வைத்தேன். டீயைக் குடிக்காமல் உறையின் வாயையே விரலால் தடவிக்கொண்டிருந்தான். அவன் கையால் ஒட்டியது, அவனுக்குத் தெரியாதா? பெட்டியில் போட மறந்துவிட்டேன் என்று சொல்லுவான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாள் அவனுக்குச் சாப்பாடு போட்டிருப்பேன். கடுகு எழுதினால் தோற்றுவிடுவாள், பாவம் என்று நிறுத்தினேன் என்று சொல்லியிருந்தாலும், முட்டாள் என்று விட்டிருப்பேன்.

அவன் சொன்னது இது. "ரெண்டு பேரும் எழுதி, அவ வேலையை வாங்கிட்டா, இவன் மூஞ்சியை நான் எப்படிம்மா பார்க்கறது? கடுகு எழுதினா நிச்சயம் வாங்கிடுவா. அது எனக்குத் தெரியும்."

தெரியுமாம்.

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவனிடம் பேசவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன், பேசுவதில்லை. போன வாரம் அவன் போனில் உன்னிடம் என்ன சொன்னானோ, நீ என்ன பதில் சொன்னாயோ, எனக்கு வேண்டாம்.

பெரியவன் பரீட்சை முடிந்து இங்கே வந்திருக்கிறான். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "எல்லாத்தையும் முடிச்சிட்டேன் பாட்டி. பத்து நிமிஷம் மிச்சம் இருந்துச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். கடிதம் நிறுத்தப்பட்டது அவனுக்குத் தெரியாது. நான் சொன்னபோது வெளியே போய் மாடிப்படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். எங்கே வைத்தாலும் அங்கே இருக்கிற பாத்திரம் அவன். பாத்திரத்தோடு என்ன சண்டை?

நேற்று மறுபடி குழாய் ஒழுகி அந்தக் குழாய்க்காரர் வந்தார். சுவரில் அட்டவணையைப் பார்த்ததும், "பாப்பா எழுதிடுச்சாம்மா?" என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கூடத்தில் இருந்த ஆறு பேரில், ஆறு மாதம் கழித்து வந்து கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இப்போது உனக்கு. நீ எனக்கு இரண்டு கடிதத்தில் மறைத்தாய். ஆனால் மறைத்ததையே தப்பு நோட்டில் எழுதியும் அனுப்பினாய். நானும் சம்மதித்தேன் என்று மூன்று நாள் வாசலில் நின்று நம்பினாய் பார், அதுதான் எனக்கு வலிக்கிறது. அதை உன்மேல் வைக்கமாட்டேன். அப்படி உன்னை நினைக்க வைத்தவன்மேல் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அட்டவணையை ஆணியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் சுத்த வெள்ளை. திருப்பி மாட்டிவிட்டேன். காகிதம் வெட்டியவன்மேல்தான் எனக்குப் பகை, காகிதத்தின்மேல் இல்லை. அடுத்த வருஷத்துக்கு இருபத்து நாலு வாரம் கட்டம் போட்டு அளவு எழுதி அனுப்பு. ஸ்கேல் வைத்து நானே இங்கே கோடு போடுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இந்தத் தடவை யார் கையெழுத்தும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நானேதான் பெட்டியில் போடப் போகிறேன். நாற்பத்தொரு படி. உன் அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். பிடித்துக்கொள்ளட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. மெதுவாகவே சாப்பிடு, யாராவது அவசரப்படுத்தினால் எழுந்திருக்காதே.

உன் தப்பு நோட்டு மாதிரி நானும் ஒன்று வைத்திருக்கிறேன், பழைய காலண்டர் தாளில். அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. என்ன கேள்வி: தாய் கொடுத்த கடிதத்தைப் பெட்டியில் போடுவது. என்ன தப்பு: இருபத்தொரு நாள் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்திருந்தது. ஏன் தப்பு: கடுகு ஜெயித்துவிடுவாள் என்று தெரிந்திருந்தது.

மற்ற எல்லோருக்கும் மன்னிப்பு உண்டு, இன்றைக்கோ என்றைக்கோ. இந்த வரிக்கு எதிரே மட்டும் நான் டிக் போடமாட்டேன். அன்று கதவளவு காகிதம் வெட்டிக்கொண்டு வந்தவன், எல்லோருக்கும் முந்திக் கையெழுத்துப் போட்டவன், உன் அப்பா. என் மகன்.